வைரஸ் அடங்கிய பின்னும் அடங்காத அழற்சி

எச்.ஐ.வி. தொற்றுக்கு மூன்று மருந்துகளை ஒருசேரத் தரும் கூட்டு மருந்து சிகிச்சை 1996ஆம் ஆண்டையொட்டிப் புழக்கத்துக்கு வந்ததிலிருந்து, அத்தொற்றுடன் வாழ்பவர்கள் எந்த நோய்க்கு அஞ்ச வேண்டும் என்ற கேள்விக்கான விடை மெல்ல மாறிவந்திருக்கிறது. சிகிச்சை தாமதமாகத் தொடங்கப்படும் இடங்களில் காசநோயும் மூளையுறையைத் தாக்கும் பூஞ்சைத் தொற்றும் இன்றும் உயிர்களைப் பறிக்கின்றன. ஆனால், மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனையில் தென்படாத நிலைக்கு இறங்கிவிட்டவர்களுக்கு, ஐம்பது அறுபது வயதை எட்டும்போது மாரடைப்பும் பக்கவாதமும் முன்னே வந்து நிற்கின்றன. வயதானால் இதய நோய் வரத்தானே செய்யும் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் வயது, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றில் ஒத்திருக்கும் இருவரை ஒப்பிட்டாலும் தொற்று உள்ளவருக்கே ஆபத்து கூடுதலாக இருக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 82,000க்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, தொற்று உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று கணித்தது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த மதிப்பீடு, இதய, இரத்தக்குழாய் நோய்களின் ஆபத்து இரு மடங்குக்கும் சற்று அதிகம் என்றது.

இதற்கான பழி முதலில் மருந்துகளின் மேல்தான் விழுந்தது; அதற்குக் காரணமும் இருந்தது. வைரஸ் தன் புரதங்களைத் துண்டித்துப் புதிய வைரஸ்களை உருவாக்கப் பயன்படுத்தும் நொதியை முடக்குகிற புரோட்டியேஸ் தடுப்பான்கள் என்ற மருந்துகளில் பழையவை, இரத்தத்தில் கொலஸ்ட்ராலையும் ட்ரைகிளிசரைடு எனப்படும் கொழுப்பையும் உயர்த்தின. இந்தியாவில் 2004 ஏப்ரலில் அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டம் தொடங்கியபோது பரவலாகத் தரப்பட்ட ஸ்டாவுடின், கன்னத்திலும் கை கால்களிலும் இருந்த கொழுப்பைக் கரைத்து, பலருக்கு நோயை முகத்திலேயே எழுதிவைத்தது. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ‘டி.ஏ.டி.’ என்ற பேராய்வு, கூட்டு மருந்தை உட்கொள்ளும் ஒவ்வோராண்டுக்கும் மாரடைப்பு வாய்ப்பு 26 விழுக்காடு கூடுவதாக 2003இல் அறிவித்தபோது, மருந்தே மாரடைப்புக்குக் காரணம் என்ற எண்ணம் வேரூன்றியது. அப்படியானால், நோய் எதிர்ப்பாற்றல் நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, அது குறையும்போது மீண்டும் தொடங்கினால் இதயத்தைக் காப்பாற்றலாம் அல்லவா என்ற யோசனை அன்றைக்கு முற்றிலும் நியாயமானதாகவே தோன்றியது.

அந்த யோசனையைச் சோதிக்க ‘ஸ்மார்ட்’ என்ற ஆய்வு 33 நாடுகளில் 5,472 பேரைச் சேர்த்துக்கொண்டது. வைரஸ் குறிவைத்து அழிக்கும் வெள்ளணுக்களான சிடி4 அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 350க்கு மேல் இருந்தால் ஒரு பிரிவினருக்கு மருந்தை நிறுத்தினார்கள். 250க்குக் கீழ் இறங்கினால் மீண்டும் தொடங்கினார்கள். மறு பிரிவினர் இடைவிடாமல் உட்கொண்டார்கள். விளைவு எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. மருந்தை நிறுத்தியவர்களிடையே இறப்புகள் மட்டுமின்றி, எதைத் தவிர்ப்பதற்காக மருந்து நிறுத்தப்பட்டதோ அந்த இதய நோயும்கூட அதிகமாகக் காணப்பட்டதால், 2006 ஜனவரியில் ஆய்வின் அந்தப் பகுதியே நிறுத்தப்பட்டது. ஆய்வில் சேர்ந்திருந்தவர்களின் சேமித்துவைத்த இரத்தத்தைப் பின்னர் ஆராய்ந்தபோது, அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 என்ற பொருளும், இரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும் டி-டைமர் என்ற புரதத்துண்டும் உயர்ந்திருந்தவர்களே கூடுதலாக இறந்திருந்தனர் என்பது தெரிந்தது. இந்தத் துறையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை எனலாம்: குற்றவாளி என்று கருதப்பட்ட மருந்து, மொத்தத்தில் காவலனாகவே இருந்திருக்கிறது.

அழற்சி என்பது காயமோ கிருமியோ ஏற்படுமிடத்தில் உடல் நடத்தும் தற்காப்பு. வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும். எச்.ஐ.வி.யில் அது முழுதும் அடங்குவதில்லை என்பதற்கான விளக்கத்தின் பெரும்பகுதி குடலில் இருக்கிறது. உடலின் சிடி4 அணுக்களில் பெரும் பங்கு குடற்சுவரில்தான் குடியிருக்கிறது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே, அதாவது நோய் இருப்பதே பலருக்குத் தெரியவரும் முன்பே, வைரஸ் அவற்றைப் பெருமளவில் அழித்துவிடுகிறது. சிகிச்சை தொடங்கிய பின் இரத்தத்தில் அந்த அணுக்களின் எண்ணிக்கை மீண்டாலும் குடற்சுவரின் பழுது முழுமையாகச் சீராவதில்லை. அந்தப் பழுதின் வழியே குடல் பாக்டீரியாக்களின் புறவுறைத் துணுக்குகள் ஓயாமல் இரத்தத்தில் கசிகின்றன என்பதை 2006இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. கசிந்துவரும் துணுக்குகளைக் கண்ட மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் கிளர்ச்சியுற்று, தமனியின் உட்சுவருக்குள் நுழைந்து, அங்கு படிந்துள்ள கொழுப்பை விழுங்கி நுரைபோல் உப்பி அங்கேயே தங்கிவிடுகின்றன. தமனியில் படிவு உருவாவதன் முதற்படி இதுவே. மறைந்திருக்கும் எச்.ஐ.வி.யின் எச்சங்களும், பெரும்பாலானோரிடம் உடனிருக்கும் சைட்டோமெகலோ என்ற மற்றொரு வைரஸும் இந்தக் கிளர்ச்சிக்குத் துணைபோகின்றன. கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்தி எடுக்கப்படும் பெட் ஸ்கேன் படங்களில், தொற்று கட்டுக்குள் இருப்பவர்களின் மகாதமனிச் சுவர்கூட மற்றவர்களுடையதைவிட அதிக அழற்சியுடன் காணப்பட்டிருக்கிறது.

இப்படி உருவாகும் படிவுகளில் பல, சுண்ணாம்பேறி இறுகியவை அல்ல, மென்மையானவை. மென்மையான படிவு குழாயை அதிகம் அடைக்காமலே திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து மாரடைப்பை உண்டாக்கக்கூடியது. நெஞ்சுவலி முன்னறிவிப்பாக வரும் என்று காத்திருப்பது இவர்கள் விஷயத்தில் சரியான உத்தியாகாது. வயது, கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கொண்டு அடுத்த பத்தாண்டு ஆபத்தைக் கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரங்களில் அழற்சிக்கு இடமில்லாததால், அவை எச்.ஐ.வி. உள்ளவர்களின் ஆபத்தைப் பல வேளைகளில் குறைத்தே மதிப்பிடுகின்றன.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘ரிப்ரீவ்’ ஆய்வு 2015இல் தொடங்கியது. இந்தியா உட்பட 12 நாடுகளில் 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேர் இதில் சேர்ந்தனர். வழக்கமான சூத்திரப்படி இவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்புக் குறைப்பு மாத்திரை தேவையே இல்லை. ஆயினும், இவர்களுள் அமெரிக்காவில் சேர்ந்த ஒரு பகுதியினரின் இதயத் தமனிகளைத் தொடக்கத்திலேயே சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, பாதிப் பேரிடம் படிவு இருந்தது. ஆய்வில் சேர்ந்த அனைவரிலும் பாதிப் பேர் நாள்தோறும் 4 மில்லிகிராம் பிடாவாஸ்டாட்டினையும் மறுபாதியினர் வெற்று மாத்திரையையும் உட்கொண்டனர். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் மருந்துப் பிரிவில் 35 விழுக்காடு குறைந்திருந்ததால், 2023இல் ஆய்வு குறித்த காலத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளப்பட்டது. தலைப்புச் செய்தியான இந்த 35 விழுக்காட்டை அதன் அளவோடு படிக்க வேண்டும்: ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏழு பேருக்குச் சற்று அதிகமாக நேர்ந்தது ஐவருக்கும் கீழே இறங்கியது, சுமார் நூறு பேர் ஐந்தாண்டுகள் மாத்திரை உட்கொண்டால் ஏறக்குறைய ஒருவருக்குப் பெரும் பாதிப்பு தவிர்க்கப்படும். மருந்து உட்கொண்டவர்களில் 5.3 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரைப் பிரிவில் 4 விழுக்காட்டினருக்கும் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது. ஆதலால் நாற்பதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் மாத்திரை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதைவிட, ஆபத்து கூடியவர்களிடமிருந்து தொடங்குவதே பொருந்தும்.

மாத்திரையைப் பற்றிய பேச்சில் புகையிலை மறைந்துவிடுவதும் உண்டு. சிகிச்சை நன்றாகக் கிடைக்கும் டென்மார்க்கில் நடந்த ஆய்வொன்று, தொற்று உள்ளவர் புகைப்பிடித்தால் எச்.ஐ.வி.யால் இழக்கும் ஆண்டுகளைவிட இரு மடங்குக்கும் மேலாகப் புகையால் இழக்கிறார் என்று கண்டது. பீடியையும் சிகரெட்டையும் விடச் செய்வது எந்த ஸ்டாட்டினையும்விட மலிவானது. ஆனால் அதற்கு ஆலோசகரின் நேரம் தேவைப்படுவதாலோ என்னவோ, எங்கும் பின்தங்கியே கிடக்கிறது. இப்போது இந்தியாவில் முதல்நிலைச் சிகிச்சையாகத் தரப்படும் டோலுடெக்ராவிர் அடங்கிய ஒற்றை மாத்திரை, பழைய மருந்துகளைப் போல உருவத்தைக் குலைப்பதில்லை. ஆனால் ஒருசிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உடல் எடையைக் கூட்டுகிறது. அமெரிக்க இதயநோய் வல்லுநர்களின் 2018ஆம் ஆண்டுக் கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல், ஆபத்தை அதிகரிக்கும் காரணிகளின் பட்டியலில் எச்.ஐ.வி.யையும் தெற்காசிய வம்சாவளியையும் தனித்தனியே சேர்த்திருக்கிறது; தமிழ்நாட்டில் கூட்டு மருந்து பெறுபவர்களுக்கு இவ்விரண்டும் ஒருங்கே பொருந்துகின்றன. சர்க்கரை நோயும் சேர்ந்துவிட்டால் கணக்கு இன்னும் கூடும். மருந்து வாங்கக் கூட்டு மருந்து சிகிச்சை மையத்துக்குத் தவறாமல் வந்துபோகிறவரின் கையில் இரத்த அழுத்தக் கருவியைச் சுற்றிப் பார்க்கவும், ஆண்டுக்கொரு முறை சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் அளக்கவும் அமைவது போன்ற வாய்ப்பு, வெளியே இருக்கும் பெரும்பாலானோருக்குக் கிடைப்பதில்லை.

சிக்கல் பெரிதாவது அந்த மையத்துக்கு வெளியே, இதயநோய் மருத்துவரின் முன்னால் உட்காரும்போதுதான். இரண்டாம்நிலைச் சிகிச்சையில், புரோட்டியேஸ் தடுப்பானின் அளவு இரத்தத்தில் குறையாமல் காக்க ரிட்டோனாவிர் என்ற மருந்து சேர்க்கப்படுகிறது. கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடுவதால், சிம்வாஸ்டாட்டின் அதனுடன் சேர்ந்தால் பன்மடங்கு பெருகித் தசைகளையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். ஸ்டென்ட் பொருத்திய பின் தரப்படும் டைகாக்ரிலரும் அதனுடன் சேரக் கூடாத மருந்தே. அளவு மிகுந்து இரத்தக்கசிவை வரவழைக்கும். டோலுடெக்ராவிர் உட்கொள்பவருக்குச் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமுக்குள் வைத்திருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. இவை எதுவுமே, நோயாளி தம் தொற்றை மறைத்துவிட்டால் எதிரே இருக்கும் மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. மறைப்பதற்கு அவருக்குக் காரணங்கள் இருக்கின்றன. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பதையும் நோயாளியின் ஒப்புதலின்றி அதை வெளியிடுவதையும் தடைசெய்கிறது என்றாலும், சட்டத்தை நம்பி ஒருவர் வாய் திறப்பதற்கு மருத்துவமனையில் கிடைக்கும் முதல் வரவேற்பே பெரும்பாலும் தீர்மானமாகிறது. தொற்றின் பெயரைச் சொல்லத் தயங்குபவர்கள், தாம் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றாலாவது, எந்த மருந்தை எழுதக் கூடாது என்பதை அந்த மருத்துவர் கண்டுகொள்வார்.