கூரை மழைநீர் வாய்க்கால்

கூரை மழைநீர் வாய்க்கால் என்பது ஓட்டுக் கூரையில் விழும் மழைநீரை ஏந்தி, குழாய் வழியாகத் தரைக்கோ தொட்டிக்கோ கொண்டு சேர்க்கும் அமைப்பு ஆகும். இலங்கைத் தமிழர் இதைப் பீலி என்பர். தமிழ்நாட்டில் துத்தநாகம் பூசிய இரும்புத் தகரத்தாலும், அண்மைக் காலத்தில் பி.வி.சி.யாலும் செய்யப்படுகிறது. சேலத்தில் செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற செவ்வாய்ப்பேட்டை போன்ற பழைய வணிகப் பகுதிகளில், ஓட்டு வீடுகளின் ஆயுள் பெரிதும் இந்தத் தகரத்தைப் பொறுத்தது.

அமைப்பு

கடைவீதியை ஒட்டிய பழைய வீடுகள் பெரும்பாலும் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி நிற்பவை. ஆகவே நீர் பக்கவாட்டில் விழ இடமில்லை. தெருப் பக்கமோ, வீட்டின் நடுவே உள்ள முற்றத்திலோதான் விழ வேண்டும். தொட்டிக்கட்டு வீடுகளில் நான்கு கூரைச் சரிவுகள் முற்றத்தை நோக்கி இறங்கும். இரண்டு சரிவுகள் உள்மடிப்பாகச் சேரும் இடம் கூடல்வாய் எனப்படும். இரு கூரைகளின் நீரும் இங்கே கூடுவதால், வீட்டிலேயே மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. செட்டிநாட்டு வீடுகளிலும் இதே முறை உண்டு. அங்கே முற்றத்து நீர் வடிகால் வழியாக ஊருணிக்குச் செல்லுமாறு தெருக்களே திட்டமிடப்பட்டன.

நீரின் அளவு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் 5,000 லிட்டர். அதாவது நிமிடத்திற்கு 83 லிட்டர், ஏறக்குறைய ஆறு குடம். சேலத்தில் மாலை நேர இடிமழை இப்படித்தான் குறுகிய நேரத்தில் கொட்டும். வாய்க்காலுக்கு மீட்டருக்கு அரை முதல் ஒரு செ.மீ. வரை சரிவு வேண்டும். சரிவு சரியா என்று அறிய, மேல் முனையில் ஒரு குடம் நீரை ஊற்றிப் பார்த்தால் போதும். எங்காவது நீர் தேங்கினால் அந்த இடத்தில்தான் முதலில் துருப் பிடிக்கும்.

பழுதும் பராமரிப்பும்

கூடல்வாய்த் தகரத்தில் விழும் ஓட்டை வெளியே தெரிவதில்லை. நீர் ஓட்டுக்கு அடியில் கசிந்து ரீப்பரை நனைக்கும், பின் கைமரத்தை, அதன்பின் சுவரை. சுவரில் ஈரத்திட்டு தெரியும்போது மரம் உளுத்துப் போயிருக்கக்கூடும். பலர் அந்தத் திட்டின் மேல் சிமெண்ட் பூசி மறைக்கிறார்கள். இது தவறான மருந்து. சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை வெளியே விட வேண்டும். சிமெண்ட் அதைத் தடுத்து உள்ளேயே நிறுத்திவிடும். சில நூறு ரூபாய்க்கு ஈயப்பற்று வைத்து முடித்திருக்க வேண்டிய வேலை, கூரையையே பிரிக்கும் செலவில் முடிவதும், ‘இனி இந்த வீடு தேறாது’ என்று இடித்துவிடுவதும் இப்படித்தான்.

வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும். ஆகவே சித்திரைக் கோடை மழைக்கு முன் ஒரு முறையும், ஆவணி, புரட்டாசி மழைக்கு முன் மறுமுறையும் சருகை அள்ள வேண்டும். ஓட்டின் மேல் நேராகக் கால் வைத்தால் உடையும். பலகை போட்டு, அதன் மேல் நடப்பதே முறை. கடைவீதிகளில் மின்கம்பி கூரை விளிம்புக்கு அருகில் செல்வதுண்டு. இரும்பு ஏணியும் நீளத் தகரமும் அங்கே உயிருக்கு ஆபத்து. மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும்.

சேகரிப்பு

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மொட்டை மாடியில் ஒரு குழாய் இறக்கினால் வேலை முடியும். ஓட்டு வீட்டிலோ வாய்க்கால் இல்லாமல் சேகரிப்பே இல்லை. பருவத்தின் முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் கழுவி வரும் என்பதால், அந்த நீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றத் தனித் திறப்பு வைக்க வேண்டும்.

இரு வீடுகளின் கூரைகள் பொதுச் சுவரின் மேல் ஒரே வாய்க்காலில் சேரும் இடங்களும் உண்டு. அங்கே ஒருவர் மட்டும் தம் பக்கத்தைப் பழுது பார்த்துப் பயனில்லை. இருவரும் சேர்ந்து ஒரே ஆளை வைத்து, ஒரே நாளில் முழு நீளத் தகரத்தையும் மாற்றுவதே வழக்கம்.