சங்கிலி ஒருவனா, இருவரா?

நல்லூர்க் கந்தனைத் தரிசிக்கவென வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் செல்லும் நம்மவர், முத்திரைச் சந்தியிலே வாளேந்திக் குதிரைமீது தோன்றும் சங்கிலி மன்னன் சிலையையும் கண்டு மீள்வர். அம்மன்னன் யாரெனப் பிள்ளைகள் வினவின், மன்னாரிற் புதிதாய்க் கிறித்தவரானோரைக் கொல்வித்தவன், போர்த்துக்கேயரோடு பொருதவன், காக்கைவன்னியனாற் காட்டிக்கொடுக்கப்பட்டு மாண்டவன் என விடையிறுப்போம். இவையாவும் ஒருவனுடைய வரலாறுதானா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை ஒரு சங்கிலியையே கூறும். ஆண்டுக் கணக்கோ அதற்கு இடங்கொடாது. மன்னார்க் கொலை நிகழ்ந்தது 1544இல்; நல்லூர் அரசு முற்றாக வீழ்ந்தது 1619இல். இடைப்பட்டவை 75 ஆண்டுகள். முன்னதை ஆணையிட்ட கையே பின்னதிலும் வாளேந்திற்று எனல் பொருந்துமா?

இம்முடிச்சை அவிழ்ப்பவை போர்த்துக்கேயர் எழுதிவைத்த குறிப்புக்கள். அவற்றுட் சிறந்ததாகிய குவேறோசு பாதிரியாரின் பெருநூல் 1930இல் ஆங்கிலமாக்கப்பட்டுக் கொழும்பில் வெளிவந்தது. அவற்றால் நாம் அறிவது, ஆரியச்சக்கரவர்த்திகள் மரபிற் சங்கிலி எனும் பெயருடையோர் இருவர் ஆண்டனர் என்பதாம்.

முதலாம் சங்கிலி 1519 முதல் 1561 வரை ஆண்டவன். மன்னார்ப் பழி இவனுக்கே உரியது. 1560இல் கோவாவிலிருந்து இராசப்பிரதிநிதி பிறகன்சா பெரும்படையோடு வந்து நல்லூரைக் கைப்பற்றியபோது இவன் பின்வாங்கினான். பின்னர்க் குடிகள் கிளர்ந்தெழவே, பகைவர் யாழ்ப்பாணத்தை விட்டகன்று மன்னாரைப் பிடித்துக்கொண்டனர்.

இரண்டாமவன் சங்கிலி குமாரன். போர்த்துக்கேயர் 1591இல் அரியணை ஏற்றிய எதிர்மன்னசிங்கன் 1617இல் இறந்தான். உரிமை மைந்தனோ சிறுவன். சங்கிலி குமாரன் உறவினரைக் கொன்று ஆட்சியைக் கவர்ந்தான்; தஞ்சை நாயக்கரின் துணையையும் நாடினான். 1619இல் ஒலிவேறா என்னும் தளபதியிடம் சிறைப்பட்டுக் கோவாவிற் கொலைத்தண்டனை எய்தினான்.

பெயரும் ஒன்று, பகைவரும் ஒருவரேயாதலின் மக்கள் நினைவு இருவரையும் ஒருவராக்கிற்று. அக்காலத்து யப்பானிய வரலாற்றிற் புகுவோர்க்கு இதற்கு மாறான இடர்ப்பாடு உண்டு. ஆங்குச் சாமுராய்த் தலைவர் வாழ்நாளிற் பன்முறை பெயர் மாற்றுவர். நாகாவோ காகேதொறா என்பவனும் உவெசுகி கென்சின் என்பவனும் ஒருவனே. அங்கு ஒருவனுக்குப் பல பெயர். இங்கு ஒரு பெயருக்கு இருவர்.

நிற்க. இவ்வேறுபாட்டை அறிவதால் வரும் பயன் யாது? இருவரையும் ஒன்றாக்கின், முன்னவன் செய்த கொலைக்குப் பின்னவன் பழி சுமப்பான். பின்னவன் எய்திய முடிவால் முன்னவன் புகழ் பெறுவான். இருவர்க்கும் அது நீதியன்று. அன்றியும், காக்கைவன்னியன் ஒருவன்மீதே வீழ்ச்சிப் பழி முழுவதையும் சுமத்திவிட்டு நாம் அமைதியுறல் எளிது. முதலாம் சங்கிலி காலத்திலேயே அரசுரிமை கோரிய உறவினர் போர்த்துக்கேயரை நாடினர்; 1617இலும் அக்குடும்பப் பகையே தலையெடுத்தது. ஓர் இரவில் ஒருவன் செய்த வஞ்சனையன்று, மூன்று தலைமுறை நீடித்த உட்பகையே நல்லூரை வீழ்த்திற்று. அடுத்தமுறை அச்சிலையின்முன் நிற்கும் நம் மாணவர், எந்தச் சங்கிலி என்று வினவிய பின்னரே வணங்கவோ இகழவோ முற்படுவாராக.