உளவியலாளரிடம் கூறும் இரகசியம்: யாருக்கு என்ன கடமை?

புது தில்லி: குடும்பத்தாரிடமும் கூறாதவற்றை உளவியலாளரிடம் கூறுவோர் பலர். அந்த இரகசியம் வெளியானால் எங்கு முறையிடலாம் என்பது, ஆலோசனை வழங்கியவர் எந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறார் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

இரகசியக் காப்பும் விதிவிலக்கும்

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் அனைத்து மருத்துவத் துறையினரும் நோயாளியின் தகவல்களைக் காக்க வேண்டும் என 23ஆவது பிரிவில் கூறுகிறது. பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பது, உயிரைக் காப்பது, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டுமே விலக்கு உண்டு. தீங்கைத் தடுக்கும்போதும் தேவையான அளவு தகவலையே வெளியிடலாம். சிகிச்சைக் குறைபாடுகள் குறித்து மனநல மறுஆய்வு வாரியத்திடம் புகார் அளிக்கலாம்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தில் நிலை வேறு. அதனை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டத்தின்படி கட்டாயம். தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

பதிவும் பயிற்சியும்

மருத்துவ உளவியலாளர்கள், தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். நடத்தை நெறிகளை வகுக்கவும், மீறுவோரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுக்கிறது. பதிவின்றித் தொழில் புரிந்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இவர்களுக்கான இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பில், மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைச் சந்திக்கும் பயிற்சி இடம்பெற்றுள்ளது. மகள் கூறியதைப் பெற்றோர் கேட்டால் எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பது போன்ற கேள்விகளுக்குப் பாடநூல் மட்டும் விடை தராது. மேற்பார்வையாளருடன் விவாதித்தே முடிவெடுக்கும் திறன் வளர்கிறது.

ஆலோசகர்களின் நிலை

பள்ளிகள், நிறுவனங்கள், கைபேசிச் செயலிகள் வழியே ஆலோசனை வழங்கும் ஏனைய உளவியலாளர்களுக்கு இத்தகைய தேசியப் பதிவேடு நீண்டகாலம் இல்லை. 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம், உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் நடத்தைசார் சுகாதார அறிவியல் பிரிவில் சேர்த்து, மத்திய, மாநிலப் பதிவேடுகளுக்கு வழிசெய்துள்ளது.

ஆலோசனை பெறுவோர் முதல் சந்திப்பிலேயே பதிவு எண், குறிப்புகள் பாதுகாக்கப்படும் முறை, எந்தச் சூழலில் தகவல் பகிரப்படும் ஆகியவற்றைக் கேட்டறியலாம். மருத்துவ உளவியலாளரின் பதிவை மறுவாழ்வு கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.