சென்னைக் கிணற்று நீரும் வேதியியல் அடிப்படைகளும்

கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீர் கடின நீர் எனப்படும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் பல வீடுகளில் மெட்ரோ தண்ணீருக்கு ஒரு குழாயும் போர் தண்ணீருக்கு ஒரு குழாயும் தனித்தனியே உண்டு. முதல் குழாய் நீரில் நன்றாக நுரைக்கும் சோப்பு, இரண்டாவதில் பெரும்பாலும் திரிந்துபோகும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கரைசல், அயனி, வீழ்படிவு, மீள்வினை ஆகியவற்றை அறிமுகப்படுத்த இது கைக்கெட்டும் எடுத்துக்காட்டு.

போர் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். துணியில் வடிகட்டினால் மணல் நிற்கும், உப்பு நிற்காது. அது அயனிகளாகப் பிரிந்து நீர் மூலக்கூறுகளுக்கிடையே பரவியிருப்பதே காரணம்.

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கடின நீரில் சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. அவ்வாறு உண்டாகும் கால்சியம் உப்பு நீரில் கரையாது. வெண்ணிறத் திரளாகப் பிரிகிறது. இதுவே வீழ்படிவு. கால்சியமும் மக்னீசியமும் தீரும்வரை நுரை வராது, அதுவரை சோப்பு வீண்.

இங்கே ஒரு சொல் குழப்பம் உண்டு. சென்னையில் ‘உப்புத் தண்ணீர்’ என்றால் கரிக்கும் நீரையும் குறிக்கும், சோப்பு நுரைக்காத நீரையும் குறிக்கும். வேதியியலில் இவை வேறு. சமையல் உப்பிலுள்ள சோடியம் கடினத்தன்மை தருவதில்லை. ஆயினும் கடல்நீரில் கால்சியத்தைப்போல் எடையில் மூன்று மடங்கு மக்னீசியமும் இருப்பதால், கடல்நீர் கலந்த கிணறு இரு குறைகளையும் சேர்த்தே பெறுகிறது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பொருளான கால்சியம் கார்பனேட்டைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைக்கிறது. கொதிக்கவைத்தால் வினை திரும்புகிறது: வாயு வெளியேற, கார்பனேட் பாத்திரத்தின் அடியில் வெண்படலமாகப் படிகிறது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் குமிழி வரும். அது அதே கார்பன் டை ஆக்சைடுதான். இவ்வாறு நீங்குவது தற்காலிகக் கடினத்தன்மை. குளோரைடு, சல்பேட் உப்புகளால் வருவது கொதிப்புக்கு அசையாது. அதற்குச் சலவைச் சோடா வேண்டும்.

வகுப்பில் செய்ய மூன்று பாட்டில்கள் போதும்: மழைநீர், போர் தண்ணீர், கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த போர் தண்ணீர். சம அளவு நீரில் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நிலையான நுரை வரும்வரை எண்ண வேண்டும். ஷாம்பூவோ டிடர்ஜென்டோ பயன்படாது, அவை கடின நீரிலும் நுரைக்கும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்துள்ளது. இவை கால்சியம் கார்பனேட்டுக்கு இணையாகக் கணக்கிட்ட அளவுகள்.

அடையாறு, பெசன்ட் நகர் போன்ற கரையோரங்களில் அடர்த்தி குறைந்த நன்னீர், அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கோட்பாட்டின்படி நன்னீர் மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால் அடியிலுள்ள உவர்நீர் எல்லை சுமார் 40 மீட்டர் மேலேறும். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மொட்டை மாடியிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் அக்குழாய் நன்னீர் அடுக்கைத் தடிமனாக்கி உவர்நீரைக் கீழே தள்ளுகிறது.