பத்திரத்தில் போட்ட வேலி

பெர்க்லி என்றவுடன் நம் தோழர்களுக்கு நினைவு வருவது 1964-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர் நடத்திய பேச்சுரிமைக் கிளர்ச்சி. அதே ஆண்டு நவம்பரில், அதே மாநிலத்தில், வேறொரு 'உரிமை' வென்றது. தன் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ விரும்பாதவருக்கு, நிறத்தைக் காரணங்காட்டியும் மறுக்க இடந்தரும் உரிமை! நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேர் அதற்கு வாக்களித்தனர். 14-வது தீர்மானம் என்ற அதனை முன்னின்று கொண்டுவந்தது எந்தக் கட்சி? கட்சியன்று, மாநில வீடு நிலத் தரகர்களின் சங்கம்.

ஏன் இந்த ஆத்திரம்? பெர்க்லி தொகுதியிலிருந்து சட்டசபை சென்ற கருப்பரான பைரன் ரம்ஃபோர்டு, மருந்துக்கடை நடத்தியவர், 1963-ல் வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் நிறபேதம் கூடாதென்று சட்டம் நிறைவேற்றிவிட்டார். அதற்குச் சற்று முன்னர்தான் பெர்க்லி நகராட்சியே அப்படியொரு விதி செய்து, அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் சிறு வேறுபாட்டில் தோற்றிருந்தது. படித்தவர் ஊர், பேராசிரியர் ஊர்! படிப்பு வேறு, பக்கத்து வீட்டில் யார் என்பது வேறு போலும்.

வேலி அதற்கும் பழையது. கிளேர்மாண்ட் என்ற பகுதியை மனைபோட்டு விற்ற டங்கன் மக்டஃபி, பெயர்பெற்ற நிலவியாபாரி. அங்கே கிரயப் பத்திரத்திலேயே கருப்பருக்கும் ஆசியருக்கும் இடமில்லை என்று எழுதிவைத்தனர். 1916-ல் நகராட்சி வகுத்த மண்டலச் சட்டத்துக்காகப் பாடுபட்டவரும் அவரே. எல்ம்வுட் பகுதியில் ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கு ஒரே வீடு. அடுக்கு வீடு கூடாது. அமெரிக்காவிலேயே இத்தகைய முதல் விதி என்பர். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை, தேவையுமில்லை. தனி வீடு வாங்கப் பணமில்லாதவர் தாமாகவே வெளியே நிற்பார். ஊர் வேறு, சேரி வேறு என்பதை நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

தரகர் எல்லோரும் கொடியவர் என்று நாம் கூறவில்லை. கமிஷன் வந்தால் அடுப்பெரியும் பிழைப்பு அவர்களில் பலருடையது. ஆனால் அவர்களின் தேசியச் சங்கமே, குடியிருப்பின் மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தவரை அங்கே குடியேற்ற உதவலாகாது என்று 1924-ல் தொழில் ஒழுக்க விதியில் எழுதி, 1950 வரை வைத்திருந்தது. ஒழுக்கமாம்!

14-வது தீர்மானத்தை மாநில உயர்ந்த நீதிமன்றம் 1966-லும், அமெரிக்க உச்சநீதிமன்றம் 1967-லும் செல்லாதென்றன. பிறகு சண்டை வாடகைக்கு மாறிற்று. 1980-ல் பெர்க்லி வாக்காளர் வாடகைக் கட்டுப்பாட்டை நிறைவேற்றினர். 1995-ல் மாநிலம் 'கோஸ்டா-ஹாக்கின்ஸ்' சட்டத்தால் அதன் பல்லைப் பிடுங்கியது: குடியிருப்பவர் போனால், அடுத்து வருபவரிடம் வீட்டுக்காரர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். கல்லூரி ஊரில் இதன் பொருள் என்ன? மாணவன் ஓரிரு ஆண்டில் போய்விடுவான். ஒவ்வொரு முறை அவன் பெட்டி கட்டும்போதும் வாடகை ஏறும். நகரத்தில் ஏறத்தாழ 1,20,000 மக்கள். மாணவர் 40,000-க்கு மேல். விடுதியில் சமைப்பவரும் வகுப்பறை கூட்டுபவரும் இந்த மாணவக் கூட்டத்தோடு போட்டியிட்டு வீடு தேட வேண்டும். தோற்றவர் தொலைவிலிருந்து வண்டியேறி வேலைக்கு வர வேண்டும்.

வீடு கட்டலாமென்றால் அதற்கும் தடை. குடியிருப்போர் அமைப்பொன்று சுற்றுச்சூழல் சட்டத்தைக் கொண்டு வழக்காடி, 2022-ல் பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கைக்கே உச்சவரம்பு வாங்கிற்று. மாநில சட்டமன்றம் மார்ச்சு மாதமே அவசரச் சட்டம் செய்து அதை நீக்கியது. மறு ஆண்டு, மாணவர் போடும் கூச்சலும் சூழல் கேடு என்றொரு தீர்ப்பு வர, அதற்கும் தனிச்சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. புகை கக்கும் ஆலைக்கு இட்ட சட்டம், பாடும் மாணவன்மேல் பாய்ந்தது!

2021 பிப்ரவரியில் நகராட்சி 1916-ன் தவற்றை ஒப்புக்கொண்டு தீர்மானம் போட்டது. 2025 ஜூனில் தனிவீட்டு மனைகளில் சிறு அடுக்கு வீடுகளுக்கு அனுமதி தந்தது. மலைச்சரிவுப் பகுதிக்கு மட்டும் விலக்கு, காரணம் காட்டுத்தீ. காரணம் பொய்யன்று, 1923-ல் ஏறத்தாழ 600 கட்டடங்கள் எரிந்தன. ஆயினும் செல்வர் பலர் குடியிருப்பதும் அந்தச் சரிவில்தான் என்பதை நாம் குறித்துக்கொள்கிறோம்.

தரகர் சங்கம் 2022 அக்டோபரில் தன் பழைய செயல்களுக்கு மன்னிப்புக் கேட்டது. நல்லது. 1995-ன் சட்டத்தைத் தளர்த்தவோ நீக்கவோ 2018, 2020, 2024-ல் மக்கள்முன் தீர்மானங்கள் வந்தன, மூன்றும் தோற்றன, மூன்றிலும் சங்கம் எதிரணியில் நின்றது. ஆகவே புதிய அடுக்கு வீடுகள் எழும்பினாலும், அவற்றின் வாடகைக்கு வரம்பு கட்டும் அதிகாரம் பெர்க்லி நகராட்சிக்கு இல்லை.