காசில்லாமல் பாரீஸ் பார்க்கலாம்!

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரம். புதன்கிழமை மாலை. ஆபீஸ் வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்புகிற நேரம். ஆனால் சிலர் மட்டும் வீட்டுக்குப் போவதில்லை. ஊர் நடுவே இருக்கும் பெரிய புல்வெளியைக் கடந்து, தூண்கள் வைத்த ஒரு கல் கட்டடத்துக்குள் நுழைகிறார்கள்.

எதற்கு? சினிமா பார்க்க!

அது சினிமாக் கொட்டகை அல்ல. நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தின் ஓவியக் கலைக்கூடம். 1871-ம் ஆண்டில் தொடங்கிய ஸ்தாபனம். சுவர் முழுவதும் ஓவியங்கள். கீழ்த்தளத்தில் ஒரு சினிமா அரங்கம். புதன்கிழமைகளில் இந்தக் கலைக்கூடத்தை இரவு வரை திறந்து வைக்கிறார்கள். பகலெல்லாம் வேலைக்குப் போகிறவன் ஓவியத்தை எப்போது பார்ப்பான்? அவனுக்காகத்தான் இந்த ஏற்பாடு.

அந்தக் கீழ்த்தள அரங்கத்தில் பல ஆண்டுகளாக இலவசமாகப் படம் காட்டி வந்திருக்கிறார்கள். சீட்டு உண்டு. ஆனால் சீட்டுக்குக் காசு கிடையாது. எத்தனை நாற்காலியோ அத்தனை சீட்டு. முந்தி வந்தவருக்கு இடம் உண்டு. பிந்தி வந்தவர் மாடிக்குப் போய் ஓவியம் பார்க்க வேண்டியதுதான். அதற்கும் காசில்லை.

இலவசம் என்றதும் ஓடித் தேய்ந்த பழைய படமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். உலகம் மெச்சிய படங்களைத் தேடிப் பிடித்துப் போடுகிறார்கள். அமெரிக்காவின் தலைநகரமான வாஷிங்டனிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே தேசிய கலைக்கூடம் 1941-ம் ஆண்டு திறக்கப்பட்டது. பணம் கொடுத்துக் கட்டியவர் ஆண்ட்ரூ மெலன் என்ற கோடீஸ்வரர். இன்றுவரை நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே காட்டும் படங்களுக்கும் இல்லை.

இப்படிக் கலைக்கூடங்கள் காட்டும் படங்களில் திரும்பத் திரும்ப வரும் ஊர் ஒன்று உண்டு. காதலர்களின் நகரம் என்று பெயர் வாங்கிய பாரீஸ்தான் அது.

ஓவியத்திலிருந்து சினிமாவுக்கு

ஓவியம் வைக்கிற இடத்தில் சினிமாவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாரீஸ் விஷயத்தில் இரண்டும் ஒரே குடும்பம்.

1850-க்குப் பிறகு பாரீஸை இடித்துக் கட்டினார்கள். மூன்றாம் நெப்போலியன் கட்டளையிட்டான். ஓஸ்மான் என்ற அதிகாரி செய்து முடித்தார். இருட்டுச் சந்துகள் போயின. அகலமான சாலைகள் வந்தன. சாலையோரம் மரங்கள், விளக்குகள், காப்பிக் கடைகள். அதைப் பார்த்து ஓவியர்கள் தூரிகையும் கையுமாகத் தெருவுக்கு வந்து விட்டார்கள். ரயில் நிலையத்தில் எழும் புகையைக் கூட மோனே என்ற ஓவியர் அழகாக வரைந்து வைத்தார்.

பூமியின் மறு கோடியில் இருந்தும் ஓவியர்கள் பாரீஸுக்குக் கப்பல் ஏறினார்கள். மெல்போர்னில் பிறந்த ரூபர்ட் பன்னி என்பவர் 1886-ல் அங்கே போனார். நிரந்தரமாக ஊர் திரும்பியபோது ஆண்டு 1933! அவருடைய ஓவியங்களை 2009-ம் ஆண்டு சிட்னி கலைக்கூடத்தில் பெரிய கண்காட்சியாக வைத்தார்கள்.

ரெனுவார் என்று ஓர் ஓவியர். பாரீஸ் மக்கள் ஆடுவதையும் பாடுவதையும் படகில் போவதையும் வரைந்தவர். அவருடைய ஒரு மகன் ஜான் ரெனுவார், பிரான்சின் மிகப் பெரிய சினிமா டைரக்டர்களில் ஒருவர். இன்னொரு மகன் பியர் ரெனுவார், நடிகர். அப்பா சுவரில் தொங்குகிறார். பிள்ளைகள் திரையில் ஓடுகிறார்கள்!

சினிமா என்ற வியாபாரம் பிறந்ததும் இதே ஊரில்தான். 1895-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி, பாரீஸில் ஓர் ஓட்டலின் நிலவறையில், லூமியேர் சகோதரர்கள் பத்துச் சிறு படங்களைக் காட்டினார்கள். கட்டணம் ஒரு பிராங்க். காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர். முதல் படம் என்ன தெரியுமா? ஒரு தொழிற்சாலையில் வேலை முடிந்து தொழிலாளிகள் வெளியே வருவது! காதலும் இல்லை, பாட்டும் இல்லை.

அட்டைப் பாரீஸ்

பிறகு காதல் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு சினிமாக்காரர்கள் கொண்டு வந்ததுதான்.

1951-ம் ஆண்டு வெளிவந்த 'பாரீஸில் ஓர் அமெரிக்கன்' என்ற படம் இதற்கு நல்ல சாட்சி. கதாநாயகன் ஓர் ஏழை ஓவியன். ஜீன் கெல்லி நடித்திருக்கிறார். செயின் நதிக்கரையில் காதலியோடு அவர் ஆடும் காட்சியைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் அந்த நதிக்கரை பாரீஸில் இல்லை. அமெரிக்காவில், கலிபோர்னியா ஸ்டூடியோவில் போட்ட செட்! படத்தின் முடிவில் ஏறக்குறைய 17 நிமிஷம் நடனம் வருகிறது. அதன் பின்னணிகளை ரெனுவார், வான்கோ முதலிய ஓவியர்களின் பாணியிலேயே தீட்டி வைத்தார்கள். மாடியில் அந்த ஓவியர்களைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி இரட்டை விருந்து. சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசும் இதற்குத்தான் கிடைத்தது.

இன்னொரு அட்டைப் பாரீஸ் உண்டு. அதன் கதை வேறு. அது உயிரைப் பணயம் வைத்துக் கட்டிய பாரீஸ்.

இரண்டாம் உலகப் போர். பாரீஸில் ஜெர்மானியப் பட்டாளம். அந்த நேரத்தில், 1943-ல், மார்செல் கார்னே என்ற டைரக்டர் 'சொர்க்கத்தின் பிள்ளைகள்' என்ற படத்தைத் தொடங்கினார். நூறு வருஷத்துக்கு முந்தைய பாரீஸ் நாடகக் கொட்டகைத் தெரு ஒன்றைத் தெற்கே கடற்கரை ஊரான நீஸில் கட்டினார்கள். அதைத் திட்டமிட்ட அலெக்சாண்டர் திரவுனரும், இசை அமைத்த கோஸ்மாவும் யூதர்கள். கண்ணில் பட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆகவே இருவரும் ஒளிந்திருந்தபடியே வேலை செய்தார்கள். எங்கும் உணவுப் பஞ்சம். விருந்துக் காட்சிக்கு வைத்த பண்டங்களைக் காமிரா சுழல்வதற்குள் துணை நடிகர்கள் தின்று தீர்த்து விட்டார்கள் என்று சொல்வார்கள். நாஜிகளுக்கு வேண்டியவரான ஒரு நடிகர் பாதியிலேயே நாட்டை விட்டு ஓடிப் போனார். அவருடைய வேஷத்தை ஏற்றவர், மேலே சொன்ன ஓவியரின் மகன் பியர் ரெனுவார். பாரீஸ் விடுதலை அடைந்த பின், 1945 மார்ச்சு மாதம் படம் வெளிவந்தது.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். ஊமை நாடகம் ஆடும் கலைஞன் ஒருவன், கார்ரான்ஸ் என்ற பெண்ணைக் காதலிக்கிறான். அவளைக் காதலிப்பவர்கள் இன்னும் மூன்று பேர். யாருக்கும் அவள் நிலைக்கவில்லை. கடைசிக் காட்சியில் திருவிழாக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் அவளைத் தேடி ஓடுகிறான். கூட்டம் அவனை விழுங்கி விடுகிறது.

தலைப்பில் வரும் சொர்க்கம் எது? அது மோட்சம் அல்ல. பிரெஞ்சு நாடகக் கொட்டகையில் உச்சாணி மாடிக்குச் 'சொர்க்கம்' என்று பெயர். மிக மலிவான இடம். நம் டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் இருந்ததே, அது போல. நம் ஊரில் ஏழைக்கு மண் தரை; அங்கே மேல் மாடி. விசில் அடிப்பதும், பிடிக்காவிட்டால் கூச்சல் போடுவதும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அந்த மலிவு இடத்து ஜனங்களுக்காகவே நடிகர்கள் உயிரைக் கொடுத்து நடித்தார்கள் என்பதுதான் படத்தின் பெருமை. காசில்லாத சீட்டோடு உட்கார்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கஷ்டம்.

திருட்டுத்தனமாகப் படம் பார்த்த பையன்

காதல் நகரம் என்றால் எல்லாரும் காதலர்களா? அங்கேயும் வாடகை கொடுக்க முடியாத குடும்பம் உண்டு. பெற்றோர் கவனிக்காத பிள்ளை உண்டு.

பிரான்சுவா துருபோ 1932-ம் ஆண்டு பாரீஸில் பிறந்தவர். வீட்டில் அன்பு கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. 14 வயதில் படிப்பை விட்டார். அவருக்குச் சினிமாதான் தாயும் தகப்பனும். டிக்கெட்டுக்குக் காசில்லாதபோது பின்வாசல் வழியாகக் கொட்டகைக்குள் நழுவி விடுவார். பிடிபட்டால் அவமானம். அந்தப் பயத்தோடேயே எத்தனையோ படம் பார்த்தார்.

அந்தப் பிள்ளைக்குக் கை கொடுத்தவர்கள் சிலர் உண்டு. ஆந்திரே பஸான் என்ற விமர்சகர் மகனைப் போல அவரைப் பார்த்துக்கொண்டார். ஹென்றி லாங்குலுவா என்ற இன்னொருவர் பழைய படங்களைச் சேர்த்து வைக்கும் பித்துப் பிடித்தவர். 1936-ல் நண்பர்களோடு சேர்ந்து அதற்கென்று ஒரு ஸ்தாபனமே தொடங்கினார். போர்க்காலத்தில் படச் சுருள்களை ஜெர்மானியர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார். அவர் போட்டுக் காட்டிய படங்களே துருபோவுக்கும் அவருடைய தோழர்களுக்கும் பள்ளிக்கூடம். 1968-ல் அரசாங்கம் லாங்குலுவாவை வேலையிலிருந்து நீக்கியது. மாணாக்கர்கள் சும்மா இருப்பார்களா? தெருவில் இறங்கிப் போராடினார்கள். சில வாரங்களில் அவர் திரும்பவும் பதவியில் உட்கார்ந்தார்!

துருபோ எடுத்த முதல் பெரிய படம் 1959-ல் வெளிவந்தது. 'நானூறு அடிகள்' என்று அதன் பெயரைச் சொல்கிறார்கள். யாரும் யாரையும் நானூறு தடவை அடிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் அது ஒரு பேச்சு வழக்கு. அடங்காமல் ஆட்டம் போடுவது என்று பொருள். படப்பிடிப்புத் தொடங்கிய மறுநாள் பஸான் இறந்து போனார். படத்தைத் துருபோ அவருக்கே காணிக்கை ஆக்கினார்.

படத்தின் தொடக்கத்தில் ஐபல் கோபுரம் தெரிகிறது. ஆனால் சுற்றுலாக்காரன் பார்ப்பது போல நேருக்கு நேராக அல்ல. ஓடுகிற வண்டியிலிருந்து, கூரைகளுக்குப் பின்னால். அந்தோவான் என்ற சிறுவன் தப்பிலிருந்து தப்புக்குப் போகிறான். கொட்டகை வாசலில் மாட்டிய நடிகையின் படத்தைத் திருடுகிறான். தகப்பனின் ஆபீசிலிருந்து டைப்ரைட்டர் மெஷினைத் திருடுகிறான். விற்க முடியவில்லை. திருப்பி வைக்கப் போகும்போது பிடிபடுகிறான். தகப்பனே போலீசில் ஒப்படைத்து விடுகிறார்! சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி ஓடுகிறான். ஓடி ஓடிக் கடலுக்கு வந்து சேருகிறான். அவன் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. அலையில் கால் நனைத்துத் திரும்பி நம்மைப் பார்க்கிறான். படம் அப்படியே நின்று விடுகிறது.

1958-ம் ஆண்டு கான் திரைப்பட விழாவுக்குத் துருபோவை வரவிடவில்லை. பத்திரிகையில் காரசாரமாக எழுதினார் என்று கோபம். அடுத்த ஆண்டு அதே விழாவில் சிறந்த டைரக்டர் பரிசு அவருக்கே. டிக்கெட் இல்லாமல் நுழைந்த பையனின் படத்தை இன்று டிக்கெட் காசில்லாமல் பார்க்க முடிகிறது.

பேச்சே வேண்டாத படம்

பிரெஞ்சுப் படங்களுக்கு அடியில் ஆங்கில எழுத்து ஓடும். வேகமாகப் படிக்க வராதவர்களுக்கு அது சிரமம். அப்படிப்பட்டவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ற பாரீஸ் படம் ஒன்று இருக்கிறது. 1956-ல் அல்பேர் லாமொரிஸ் எடுத்த 'சிவப்புப் பலூன்'. 34 நிமிஷம்தான் ஓடும். பேச்சு ஏறக்குறைய இல்லை. அப்படி இருந்தும் திரைக்கதைக்கான ஆஸ்கார் பரிசை வாங்கி விட்டது!

பாஸ்கல் என்ற சிறுவன். டைரக்டரின் சொந்த மகனே நடித்தான். விளக்குக் கம்பத்தில் சிக்கிய ஒரு சிவப்புப் பலூன் அவனுக்குக் கிடைக்கிறது. அது நாய்க்குட்டி போல அவன் பின்னாலேயே வருகிறது. பள்ளிக்கூடத்துக்கும் வருகிறது. கோவிலுக்கும் வருகிறது. போக்கிரிப் பையன்கள் பொறாமைப்பட்டு அதைக் கல்லால் அடித்து வீழ்த்துகிறார்கள். காற்று இறங்கி அது சுருங்கிக் கிடக்கும்போது பாரீஸிலுள்ள பலூன்கள் எல்லாம் கிளம்புகின்றன. கடையிலிருந்தும், குழந்தைகளின் கையிலிருந்தும் பறந்து வருகின்றன. பாஸ்கல் கயிறுகளைச் சேர்த்துப் பிடிக்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு மேலே பறந்து போகின்றன.

படத்தில் வரும் தெருக்கள் மெனில்மோந்தான் என்ற மேட்டுப் பகுதியில் இருந்தன. தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். காரை உதிர்ந்த சுவர், கோணல் படிக்கட்டு, ஒடுங்கிய சந்து. பின்னாளில் பெரும்பகுதியை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். பாஸ்கல் ஓடிய படிக்கட்டுகள் பலவற்றை இன்று விமானம் ஏறிப் பாரீஸுக்கே போனாலும் பார்க்க முடியாது. விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினால்தான் தெரியும்.