'தக் லைஃப்' தெரியும், 'தக்' யார்? இந்தியச் சட்டத்திலிருந்து வெளியேறிய ஒரு சொல்லின் கதை

இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது, பழைய சட்டத்தின் 310, 311 ஆகிய பிரிவுகள் சத்தமின்றிக் கைவிடப்பட்டன. தேசத்துரோகம் குறித்த மாற்றங்கள் பேசப்பட்ட அளவுக்கு இவை பேசப்படவில்லை. அந்த இரு பிரிவுகளும் ஒரே ஒரு சொல்லைப் பற்றியவை. அச்சொல் 'தக்'.

அடுத்த ஆண்டே, மணிரத்னம் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த 'தக் லைஃப்' திரைப்படம் வெளியானது. அதற்கும் முன்பே, யாரேனும் மறுபேச்சுக்கு இடமில்லாமல் பதிலடி கொடுத்தால் அந்தக் காணொளியில் கறுப்புக் கண்ணாடி மாட்டி 'தக் லைஃப்' என்று பகிர்வது தமிழ் இணையத்தில் வழக்கமாகியிருந்தது. ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு 'முரடன்', 'ரௌடி' என்பதே இன்றைய பொருள். ஆனால் இது ஆங்கிலேயர் கொண்டுவந்த சொல் அன்று. இங்கிருந்து கொண்டுசென்ற சொல்.

இந்தியில் இதன் ஒலி 'டக்'. ஏமாற்றுக்காரன் என்பது பொருள். மறைத்தல் என்னும் பொருளுடைய சமஸ்கிருத வேரிலிருந்து இது பிறந்ததாக மொழியியலாளர்கள் கூறுகின்றனர். நாவை மடித்து ஒலிக்கும் முதலெழுத்து ஆங்கிலேயர் வாயில் மென்மையாகி, அந்த உச்சரிப்பிலேயே தமிழுக்கு 'தக்' என வந்து சேர்ந்தது.

பதினான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி, ஜலாலுத்தீன் கில்ஜியின் ஆட்சியில் டெல்லியில் சுமார் 1,000 'தக்'குகள் பிடிபட்டதாகவும், சுல்தான் அவர்களைக் கொல்லாமல் படகுகளில் ஏற்றி வங்கத்துக்கு அனுப்பியதாகவும் எழுதியுள்ளார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல் வேறு உருவம் எடுத்தது. வணிகர்களுடன் வழித்துணையாகச் சேர்ந்து, நம்பிக்கையைப் பெற்று, துணியால் கழுத்தை இறுக்கிக் கொன்று பொருளைக் கொள்ளையிடும் கும்பல்கள் குறித்து ஆங்கிலேய அதிகாரிகள் எழுதத் தொடங்கினர். தென்னிந்தியாவில் அவர்களுக்கு, சுருக்குக் கயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த 'ஃபான்சிகர்' என்ற பெயர் இருந்தது.

1830களில் மத்திய இந்தியாவில் வில்லியம் ஸ்லீமன் என்ற அதிகாரி இக்கும்பல்களுக்கு எதிரான நடவடிக்கைகளை முன்னின்று நடத்தினார். பிடிபட்டவர்களில் சிலரை அப்ரூவர்களாக்கி, அவர்கள் சொன்னதைக் கொண்டு மற்றவர்களைப் பிடிப்பது அவரது முறை. ஆனால் குறிப்பிட்ட ஒரு கொலையை, குறிப்பிட்ட ஒருவர் செய்தார் என நிரூபிப்பது கடினமாக இருந்தது. உடல்கள் கிடைப்பதில்லை, இறந்தவர்கள் ஊர் கடந்து வந்த பயணிகள், அப்ரூவரின் வாக்குமூலமே பெரும்பாலும் சாட்சி.

இச்சிக்கலுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு கண்ட தீர்வு 1836ஆம் ஆண்டின் 30ஆவது சட்டம். 'தக்' கும்பலைச் சேர்ந்தவர் என்று நிரூபித்தாலே போதும், ஆயுள் முழுவதும் கடுங்காவல். என்ன செய்தார் என்ற கேள்வி பின்னுக்குப் போய், யாரைச் சேர்ந்தவர் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இதைச் சற்றுத் திருத்தமான மொழியில் 310ஆம் பிரிவாக எழுதிக்கொண்டது. கொலையோடு கூடிய வழிப்பறி அல்லது குழந்தைத் திருட்டுக்காகப் பிறருடன் வழக்கமாகக் கூட்டுச் சேர்ந்திருப்பவர் 'தக்' என அது வரையறுத்தது. தண்டனை ஆயுள் சிறை.

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் அதே தர்க்கத்தை இன்னும் நீட்டித்தது. கும்பலின் இடத்தில் இப்போது சமூகம் இருந்தது. ஒரு சமூகத்தில் பிறந்ததே காவல்துறைப் பதிவேட்டில் பெயர் ஏறக் காரணமாயிற்று. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட இச்சட்டம், தமிழகக் கிராமங்களில் 'ரேகைச் சட்டம்' என்று நினைவுகூரப்படுகிறது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் பலர் உயிரிழந்தனர். 1952இல்தான் நாடு முழுவதும் இச்சட்டம் நீக்கப்பட்டது.

'தக்'குகள் உண்மையில் யார் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. காளியின் பெயரால் கொலை செய்த இரகசிய வழிபாட்டுக் கூட்டம் என்பது அக்கால அதிகாரிகளின் சித்திரம். முற்றிலும் காலனியக் கற்பனை என்பது மறுதரப்பு. கொள்ளைக் கும்பல்கள் இருந்தது உண்மை, அவற்றை ஒரு தனி மதமாகக் காட்டியது மிகை என்ற வரலாற்றாசிரியர் கிம் வாக்னரின் வாதமே ஆதாரங்களுக்கு நெருக்கமானதாகத் தோன்றுகிறது.

ஆனால் மிகையே நன்றாக விற்றது. ஹைதராபாத் நிஜாமின் பணியில் இருந்த பிலிப் மெடோஸ் டெய்லர் 1839இல் வெளியிட்ட 'ஒரு தக்கின் ஒப்புதல் வாக்குமூலம்' என்ற நாவல் இங்கிலாந்தில் பரபரப்பாக வாசிக்கப்பட்டது. அதே காலத்தில் தாமஸ் கார்லைல், கிளாஸ்கோ தொழிலாளர்களின் வன்முறையைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தினார். இந்தியா, கழுத்துத் துணி, காளி அனைத்தும் நழுவி, 'வன்முறையாளன்' என்ற பொருள் மட்டும் எஞ்சியது.

அமெரிக்காவில் கதை மீண்டும் திரும்பியது. கறுப்பின இளைஞர்களைச் சுட்டும் வசையாகிவிட்ட சொல்லை, ராப் பாடகர் டூபாக் ஷகூர் 1990களில் 'தக் லைஃப்' எனத் தன் குழுவுக்கே பெயராக்கி, வயிற்றிலும் பச்சை குத்திக்கொண்டார். எனினும் வசை மறையவில்லை. 2015இல் பால்டிமோர் கலவரத்தின்போது அந்நகர மேயர் கலவரக்காரர்களை 'தக்' என்று குறிப்பிட்டு, கண்டனம் எழுந்ததும் சொல்லைத் திரும்பப் பெற்றார். அதிபர் ஒபாமாவும் அச்சொல்லைப் பயன்படுத்தியது விவாதமானது.

இந்தியிலோ சொல் புறப்பட்ட இடத்திலேயே இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைச் சுருட்டும் இணைய மோசடிகளுக்கு இந்தி நாளிதழ்கள் இன்று இடும் தலைப்பு 'சைபர் டகி'.